தழும்புக்குச் சாட்சி

காகிதக் கட்டின் நாடா அவிழ்ந்துவிட்டது. ஒரு காகிதம் வெளியே தலை நீட்டியது. அதை இடது கையால் அமுக்கிக்கொண்டு, வலது கையால் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேனடி, உண்ணாமலை. நாமக்கல் கடைவீதியில், பட்டப்பகலில், பதினைந்து வயசுப் பெண் ஓடுகிற ஓட்டமா அது? பின்னால் அவில்தார் சுப்பையனின் சைக்கிள் மணி விடாமல் அடித்தது.

"ஏ புள்ள! நில்லு! அது கவருமெண்டுக் காகிதம்!"

காகிதம் கவர்மெண்டுடையதும் இல்லை, அவருடையதும் இல்லை. என் அண்ணனுடையது. இருந்தாலும் அவர் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் பெட்டியிலிருந்து எடுத்தேன். அதற்குத் திருட்டு என்றுதான் பேர்.

இதை உனக்கு மட்டும்தான் எழுதுகிறேன். நீ கல்யாணமாகிச் சங்ககிரிக்குப் போன பிறகு மனசில் இருப்பதைச் சொல்ல இங்கே எனக்கு ஆள் இல்லை. விளக்கில் எண்ணெய் கொஞ்சம்தான் இருக்கிறது. விடிந்தால் சேலத்துக்குப் போக வேண்டும். பயத்தில் கண் மூட முடியவில்லை. நடந்ததை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

சென்றாயண்ணன் பட்டாளத்திலிருந்து வந்தது உனக்குத் தெரியும். எப்படி வந்தான் என்று தெரியாது. நீ போன பிறகுதான் வந்தான். பர்மா எல்லையில் மலையை வெட்டி ரோடு போடுகிற பட்டாளத்தில் இருந்தான். ஒரு நாள் மேலே குண்டு விழுந்து மலைச்சரிவு அப்படியே சரிந்துவிட்டது. மூன்று பேர் மண்ணுக்குள் போனார்கள். தோண்டியபோது அண்ணனுக்கு மட்டும் மூச்சு இருந்தது. தலையில் அடி. ஆசுபத்திரியில் கிடந்தபோதுதான் முதல் தடவை வலிப்பு வந்தது என்று அவன் சொல்கிறான். இப்போது பதினைந்து நாளைக்கு ஒரு தடவையாவது வருகிறது. கிணற்றுப் பக்கம் விட முடியாது. கவலை ஓட்டித் தண்ணீர் இறைக்கப் போனால் மாட்டோடு சேர்ந்து கிணற்றுக்குள் போய்விடுவான் என்று அம்மா பயப்படுகிறாள். வண்டி ஓட்ட முடியாது. பனை ஏற முடியாது. இருபத்துநான்கு வயசில் ஊட்டுக்குள் உட்கார்ந்து பருத்திக் கொட்டை பிரிக்கிறான்.

இப்படி வந்தவர்களுக்கு ஊனப் பென்ஷன் உண்டு. ஆனால் சீக்கு பட்டாளத்தில் வந்தது என்று பென்ஷன் போர்டு ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு மனு எழுதத் தெரிய வேண்டுமே! நாமக்கல்லில் பழைய சிப்பாய்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். செக்ரட்டரி இந்த அவில்தார் சுப்பையன். முந்தின உலகச் சண்டையில் கடல் தாண்டி பாஸ்ராவுக்குப் போய் வந்தவர். இங்கிலீஷ் எழுதுவார். போன வருஷம் எங்கள் ஊட்டுக்கே வந்து, அம்மாவிடம் அரை மணி நேரம் பேசி, அண்ணனிடம் கையெழுத்து வாங்கி, டிஸ்சார்ஜ் புத்தகம் முதல் எல்லாக் காகிதத்தையும் வாங்கிக்கொண்டு போனார். "நீங்க எங்கியும் அலைய வேண்டாம். எல்லாம் சங்கம் பாத்துக்கும்" என்றார். நாங்களும் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பி வைத்தோம்.

இரண்டு மாசத்துக்கு முன்னால் போர்டிலிருந்து தபால் வந்தது. புதுச்சத்திரம் தபாலாபீஸ் பாலசுந்தரம் சார் படித்துச் சொன்னார். மனு தள்ளுபடி. காரணம், இவனுக்கு வலிப்பு குழந்தையிலிருந்தே உண்டு என்று மனுதாரரே எழுதியிருக்கிறார். வயிற்றில் அதற்காகப் போட்ட பழைய சூட்டுத் தழும்புகளும் இருக்கின்றன. பட்டாளத்தால் அது அதிகமானது என்பதற்குச் சாட்சி இல்லை.

அண்ணன் தபாலாபீஸ் வாசலிலேயே நின்றுவிட்டான். "மனுதாரர்னா யாருங்க சார்?"

"நீதான் சென்றாயா."

"நான் எப்பங்க அப்பிடிச் சொன்னேன்?"

மண் சரிந்ததைப் பற்றி அந்த மனுவில் ஒரு வரிகூட இல்லை. அன்றைக்கே அண்ணன் நாமக்கல் போய் அவில்தாரிடம் கத்திவிட்டு வந்தான். வருகிற வழியில் வலிப்பு வந்து, பஸ்ஸில் இருந்தவர்கள் இறக்கிப் புளியமரத்தடியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அதற்கப்புறம் அம்மா அவனைத் தனியாக விடுவதில்லை. அப்பீலுக்கு நாள் குறித்தாகிவிட்டது, வெள்ளிக்கிழமை காலை பத்து மணி, சேலம். ஆள் வர வேண்டாம், அப்பீல் போட்ட ஆறு பேருடைய காகிதத்தையும் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாக அவில்தார் சொல்லி அனுப்பினார்.

"என்ற காகிதத்த நானே கொண்டு போறேன்" என்றான் அண்ணன். அவர் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை என்பது நாளைக்கு. அதனால்தான் இன்றைக்கு, முட்டை விற்கப் போகிற பெண்களோடு நான் நாமக்கல்லுக்குப் போனேன். சங்கத்துக்குப் போய் நல்லபடியாகத்தான் கேட்டேன், உண்ணாமலை. கேஸ் முடிகிறவரை காகிதம் சங்கத்தின் பொறுப்பு என்றார். யாரோ வாசலில் கூப்பிட்டார்கள். அவர் திரும்பினார். நான் எடுத்துவிட்டேன்.

பஸ் நிற்கிற இடத்தில் பிடித்துவிட்டார். கரியில் ஓடுகிற பஸ்ஸுக்கு அப்போதுதான் கரி அள்ளிப் போட்டு, நெருப்பை ஊதும் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். அது கிளம்ப அரை மணி ஆகும். ஓட வேறு இடமில்லை. அவருக்கோ மூச்சு இரைத்தது. அறுபது வயசு. வெற்றிலைக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒருத்தி சும்மா இருக்கவில்லை.

"ஏனுங் அவில்தாரு, பட்டாளத்துல இப்பிடித்தான் ஓடுனீங்களாக்கும்?"

"நான் தொரத்திக்கிட்டு வந்தவன் ஆத்தா. முன்னால ஓடுனதுதான் தோத்த பட்டாளம்" என்று சைக்கிளை அவள் கூடைமேலேயே சாய்க்கப் போனார். அவள் திட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பினார். "குடு அம்மிணி."

"குடுக்க மாட்டனுங்க."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் பலகையில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். "நாப்பத்திமூணு பேரு காகிதம் என்ற பொட்டியில இருக்குது. முப்பது பேருக்கு வாங்கிக் குடுத்திருக்கறேன். சும்மா குடுத்துட்டானா? போர்டுக்காரன் எதை ஒத்துக்குவான்னு பாத்துப் பாத்து எழுதுனேன். கை போச்சு, காலு போச்சுன்னா கண்ணுக்குத் தெரியும். வலிப்பு தெரியுமா? பட்டாளத்துலதான் வந்துதுன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான், வம்சத்துச் சீக்கும்பான். அதை நாமளே மொதல்ல ஒத்துக்கிட்டு, பட்டாளத்துக்குப் போயி முத்திப்போச்சுன்னு எழுதுனா, பாதியாச்சும் கெடைக்கும்."

"அண்ணன் மேல மண்ணு உழுந்ததை ஏனுங்க எழுதல?"

"சாச்சி வேணுமே. கூட இருந்தவனுக ரெண்டு பேரும் அந்த மண்ணோட போயிட்டானுக."

"பாதி கெடைக்கும்னீங்க. ஒண்ணும் கெடைக்கலீங்களே?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "கெடைக்கல" என்றார். "அது என்ற தப்புத்தான். அப்பீல்ல அதையே இன்னும் அழுத்தி எழுதியிருக்கறேன்."

"அதையேவா? திரும்பியும் அதையேவா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் கட்டை விடவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். "அப்பச் சரி. காகிதத்த வாங்கிக்கிட்டோம், சங்கத்துக்கும் இந்தக் கேஸுக்கும் சம்பந்தமில்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. நாளைக்கு நீங்களே நிக்கோணும். நான் அங்கதான் இருப்பேன், ஆனா வாயத் தொறக்க மாட்டேன். தோத்துட்டு வந்து என்ற வாசல்ல அழுவாத. அழுதா நானும் சேந்து அழுவேன். அவ்வளவுதான் என்னால முடியும்."

எழுதினேன். பெருமாயி என்று முழுசாகப் போட்டேன். இத்தனை பேருக்கு வாங்கிக் கொடுத்த ஆளை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிறேனே, நான் யார் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அவர் நோட்டை மூடிக்கொண்டே கேட்டார்:

"அவன் வயித்துல இருக்கற சூட்டுக்கு என்ன பதில் வெச்சிருக்கற?"

"அதென்னங்க பெரிய அதிசயம்? எங்க பக்கத்துல எல்லாத்துக்கும் சூடு இருக்குது. என்ற வயித்துலயே இருக்குது!"

நடுத்தெருவில் சொல்லிவிட்டேன், உண்ணாமலை! வெற்றிலைக்காரிக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. ஆனால் நான் சொன்னது பொய்யா? உனக்கும் இருக்கிறதே. கைக்குழந்தை வயிறு ஊதிப் பால் குடிக்காமல் கிடந்தால், மஞ்சள் கொம்பைப் பற்ற வைத்துத் தொப்புளுக்குப் பக்கத்தில் ஒற்றி எடுக்கிறார்களே, அதுதானே? ஆத்திலே குளிக்கும்போது பார்த்திருக்கிறோமே. அவில்தார் ஆறு மைல் தள்ளி டவுனில் பிறந்தவர். அவர் வயிற்றில் இருக்காதோ என்னவோ.

அவர் சிரிக்கவில்லை. "போர்டுல ஒருத்தன் வெள்ளக்காரன், இன்னொருத்தன் மெட்ராசுக்கார டாக்டரு. உங்கூரு வழக்கம் அவனுகளுக்கு எங்க தெரியும்?"

"தெரிய வெக்கறனுங்க" என்றேன்.

பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பதே எனக்குப் புரிந்தது. அண்ணன் வயதுக்காரர்கள் எங்கள் தெருவில் எத்தனை பேர் இருக்கிறார்கள்! எல்லாருக்கும் சூடு இருக்கிறது, ஒருத்தனுக்கும் வலிப்பு இல்லை. அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் டாக்டருக்கு முன்னால் சட்டையைத் தூக்கச் சொன்னால், அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

புதுச்சத்திரத்தில் இறங்கி நேராகப் பாலசுந்தரம் சாரிடம் கட்டைக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, பட்டாளத்தில் சேர்த்த அன்றைக்கு எழுதிய தாளை எடுத்தார். "இதப் பாரு பெருமாயி. அடையாளம்னு போட்டு, வயித்துல சூட்டுத் தழும்புன்னு டாக்டரே எழுதியிருக்கான். கீழயே, நல்ல ஆரோக்கியம், பட்டாளத்துக்குத் தகுதின்னும் எழுதியிருக்கான். இது முக்கியமான காகிதம். மனுவோட இதை வெச்சாங்களா?" எனக்கு எப்படித் தெரியும்? தள்ளுபடிக் கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. வைத்திருந்தால் பார்த்திருப்பார்கள்.

சாயங்காலம் பொழுதோடு களத்தில் ஆட்களைப் பிடித்தேன். ஆண்டி, சின்னண்ணன், பச்சமுத்து மூன்று பேரும் அங்கே கடலைக்கொடி ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அண்ணனோடு ஒன்றாக மாடு மேய்த்தவர்கள். விஷயத்தைச் சொன்னேன்.

"சேலத்துக்கு வந்து வயித்தக் காட்டறதா?" என்றான் ஆண்டி. "காட்டுனா அதுல சோறு போடுவாங்களா?"

"உன்ற வயித்தப் பாத்தா அந்த டாக்டருக்கே வலிப்பு வந்துரும்" என்றான் சின்னண்ணன்.

பச்சமுத்து மட்டும் சிரிக்கவில்லை. "பெரிய ஆசுபத்திரியில ஆளப் புடிச்சு ஊசி குத்திப்புடுவானாமே. எனக்கு ஊசின்னா ஆகாது பெருமா."

"மாட்டுக்குச் சூடு போடறவன் ஊசிக்குப் பயப்படறியே, உன்னைய எவண்டா ஆம்பளைன்னு சொன்னது?" ஆண்டி அவன் முதுகில் ஒன்று வைத்தான்.

அண்ணன் எனக்குப் பின்னாலேயே வந்திருக்கிறான். அவனைப் பார்த்ததும் மூன்று பேரும் நகர்ந்து இடம் விட்டார்கள். அண்ணன் களத்துக் கல்லில் உட்கார்ந்தான். அவன் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டு ஒரு வருஷம் ஆகிறது.

"சேரப் போன அன்னிக்குத் துணிய அவுத்து நிக்க வெச்சாங்கடா. பல்ல எண்ணுனான், நெஞ்சத் தட்டுனான். இந்தத் தழும்பத் தொட்டுப் பாத்து எழுதிக்கிட்டான். எழுதிட்டு, சரி, வான்னுதான் கூட்டிட்டுப் போனான். அன்னிக்கு நல்லவனா இருந்தவன் இன்னிக்கு எப்பிடிக் கொழந்தையிலருந்து சீக்காளியானேன்? அதை நான் நேராக் கேக்கோணும். எனக்குப் பதிலா ஒருத்தன் எழுதுனதெல்லாம் போதும். அங்கயே வலிப்பு வந்து உழுந்தாலும் சரி, உழுந்து எந்திரிச்சுக் கேப்பேன்."

"வாரேன்டா" என்றான் ஆண்டி. சின்னண்ணன் தலையை ஆட்டினான். பச்சமுத்து, "ஊசி குத்த உடாத ஒரு பக்கமா நிப்பேன், பாத்துக்குங்க" என்றான்.

அப்போது எனக்குள்ளே எவ்வளவு தைரியம் வந்தது தெரியுமா? போர்டுக்கு முன்னால் எப்படி வரிசையாக நிற்க வேண்டும், யார் முதலில் பேச வேண்டும், கேட்டால் மட்டும் பேச வேண்டும் என்றெல்லாம் நானே சொல்லிக் கொடுத்தேன். ஒரு தடவை நின்று பார்த்துவிடலாம் என்றதும் நான்தான். ஆண்டி சட்டையைத் தூக்கினான். தொப்புளுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. துவரம்பருப்பு அகலத்தில் இரண்டு தழும்பு. சின்னண்ணனுக்கும் அதே மாதிரி இரண்டு. பச்சமுத்துவுக்கு ஒன்று மங்கிப்போயிருந்தது, ஆனாலும் இரண்டு.

அண்ணன் சட்டையைத் தூக்கினான்.

ஐந்து.

இரண்டு மற்றவர்களுக்கு இருக்கிற இடத்திலேயே இருந்தன. மூன்று மேலே, நெஞ்செலும்பு முடிகிற இடத்தில், சற்றுப் பெரிதாக இருந்தன. இத்தனை வருஷம் ஒரே ஊட்டில் இருந்தும் நான் ஒரு நாள்கூட எண்ணிப் பார்த்ததில்லை. சின்னண்ணன் குனிந்து எண்ணினான். பிறகு ஆண்டிதான், "உங்கூட்டுல மஞ்சள் எச்சா வெளஞ்ச வருசமாட்டம் இருக்குது" என்றான். சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். "எத்தனையா இருந்தா என்ன? பட்டாளத்துல எண்ணித்தானே எடுத்தாங்க" என்று சட்டையை இறக்கிவிட்டான்.

நான் ஊட்டுக்கு வந்து கதவு மறைவில் நின்று என் வயிற்றைப் பார்த்தேன். இரண்டுதான்.

அம்மா கம்பு இடித்துக்கொண்டிருந்தாள். "ஏம்மா, அண்ணனுக்கு மாத்தரம் ஏன் அஞ்சு?" என்றேன்.

உலக்கை நிற்கவில்லை. "மொதப் புள்ள. கை நடுங்கிப் போச்சு. மூணு தரம் சரியாப் படல."

"அது மேல இருக்குதே, நெஞ்சுக்கிட்ட?"

"கொழந்தை கையக் கால ஒதறுனா எங்க படும்? கண்ட எடத்துல படும்."

"அவில்தாரு வந்தன்னிக்கு நீ என்ன சொன்ன?"

உலக்கை நின்றது. "அந்த மனுசன் கேட்டான். சின்னதுல ஏதாச்சும் வந்துதா, நல்லா ரோசனை பண்ணிச் சொல்லு, சொன்னாத்தான் பென்சனுக்கு ஆகும்னான். பென்சனுக்கு ஆகும்னா நான் என்ன வேணாலும் சொல்லுவேன். சொன்னேன்."

"வந்துதா வல்லியா?"

"இப்ப என்னத்துக்கு அதெல்லாம்? கொழந்தையிலருந்து சீக்குன்னு கவருமெண்டே எழுதி வெச்சுட்டா, அவன் தங்கச்சி உன்னைய எவன் கட்டுவான்? வல்லைன்னு சொல்லு. போய்த் தூங்கு."

"நீயும் சேலத்துக்கு வா. வந்து நீயே சொல்லு."

"நான் வல்ல" என்றாள். மறுபடியும் இடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அம்மா அன்றைக்குப் பென்ஷனுக்காகப் பொய் சொன்னாளா, இன்றைக்கு என் கல்யாணத்துக்காகப் பொய் சொல்கிறாளா? மேலே இருக்கிற மூன்றும் வலிப்புக்குப் போட்ட சூடுதானோ, அவில்தார் எழுதியதுதான் உண்மையோ என்னவோ. உண்மையாக இருந்தாலும், மலை சரிந்து அண்ணன் மேல் விழுந்ததும் உண்மைதானே? அதை எழுதாமல் விட்டதற்குச் சங்கத்தை விட்டு வந்தது சரிதான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. முப்பது பேருக்கு வாங்கிக் கொடுத்தவராக இருந்தாலும், அண்ணன் பட்டதை அண்ணன்தான் சொல்ல வேண்டும்.

போகத்தான் போகிறேன். முதல் பஸ்ஸுக்கே. கட்டை மறுபடி நாடா போட்டுக் கட்டிவிட்டேன். பட்டாளத்தில் சேர்த்த அன்றைய தாளை மேலேயே வைத்திருக்கிறேன். அண்ணன் சட்டையைத் துவைத்துக் காயப் போட்டிருக்கிறேன். ஆண்டி, சின்னண்ணன், பச்சமுத்து மூன்று பேரும் கோழி கூப்பிடும்போது வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சாட்சிக்கு ஆள் சேர்த்தவள் நான். அவர்களை வரவேண்டாம் என்று இனிமேல் சொன்னால், அண்ணன் ஏன் என்று கேட்பான். கூட்டிக்கொண்டு போனால், நாலு வயிறும் வரிசையாக நிற்கும்போது கண் இருக்கிற எவனும் எண்ணுவான்.

ஆண்டிக்கு ஒன்றும் தெரியாது, அண்ணனுக்கு நினைவிருக்காது, அம்மா வரமாட்டாள். "இவர்களுக்கெல்லாம் இரண்டு, இவனுக்கு மட்டும் மேலே மூன்று எதற்கு?" என்று அந்த டாக்டர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டால், நான் என்னடி சொல்வேன்?